குதிரையின் தோலில் புண்ணோ கட்டியோ கண்டால்: எதையும் பூசுவதற்கு முன் பாருங்கள்

குதிரை வாங்கிய முதல் வருடத்துக்குள் ஏதாவது ஒரு காலையில், தேய்த்துவிடும்போது கை ஓரிடத்தில் தட்டுப்படும். ஒரு கட்டி, இல்லையென்றால் ஒரு பொருக்கு, இல்லையென்றால் முடி கொட்டிப்போன ஒரு வட்டம். அதைக் கண்ட அரை மணி நேரத்துக்குள் மூன்று வைத்தியம் வந்து சேர்ந்துவிடும். ஒருவர் வேப்பெண்ணெய் என்பார், இன்னொருவர் வண்டியில் வடித்த எஞ்சின் ஆயில் என்பார், மூன்றாமவர் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த ஸ்பிரேயையே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது என்ன என்று தெரிவதற்கு முன் எதைப் பூசினாலும், அது என்ன என்று கண்டுபிடிக்கும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

இது எனக்கு நடந்தது. ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் ஒரு செவலை மட்டக்குதிரை வாங்கி, சோழவந்தான் பக்கம் எங்கள் தோப்புக்குக் கொண்டுவந்தேன். அடுத்த சித்திரையில் முன்னங்கால் கணுவுக்கு மேலே வேலிக்கம்பி கீறி ஒரு சின்னக் காயம். இரண்டு மாதம் எஞ்சின் ஆயில், மஞ்சள், யாரோ கொடுத்த ஒரு பொடி என்று மாற்றி மாற்றிப் போட்டேன். காயம் ஆறவில்லை. எலுமிச்சை அளவுக்குச் சிவந்த சதையாக வளர்ந்து நின்றது. கடைசியில் வந்து பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "முதல் வாரம் இது எப்படி இருந்துச்சு? அரிச்சுச்சா? உள்ள மஞ்சளா அரிசி மாதிரி ஏதாவது தெரிஞ்சுச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. எண்ணெயில் வெந்துபோன தோலிலிருந்து மாதிரி எடுத்தாலும் பயனில்லை என்று சொல்லி, புண்ணைச் சுத்தம் செய்து சில நாள் காத்திருந்துதான் எடுத்தார். அந்த இரண்டு மாத வலியும் குதிரைக்கு நான் கொடுத்தது. புதிதாகக் குதிரை வைத்திருக்கும் யாரும் அதைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை: கையுறை

புண்ணைத் தொடுவதற்கு முன் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கையுறை போதும். காரணம், குதிரைத் தோலில் வரும் பல நோய்களில் ஒன்று மனிதனைக் கொல்லக்கூடியது. அதன் பெயர் கிளாண்டர்ஸ். பர்க்ஹோல்டேரியா மேலியை என்ற பாக்டீரியாவால் வருவது. அது தோலில் வரும்போது தொடையின் உட்புறம், கால், விலா ஆகிய இடங்களில் மணி கோத்ததுபோல வரிசையாகக் கட்டிகள் எழும்பும். கட்டிகளை இணைத்துக் கயிறு போல ஒரு தடிப்பு ஓடும். பிறகு ஒவ்வொன்றாக உடைந்து குழிப்புண்ணாகி, தேன் போல ஒட்டும் மஞ்சள் சீழ் வடியும். கூடவே மூக்கிலிருந்து பிசின் போன்ற சளி, மூக்குக்குள் புண், இருமல், விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு இருக்கலாம். இவை எல்லாம் ஒரே குதிரையில் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்பதில்லை.

வரிசையான கட்டியும் ஒட்டும் சீழும் கண்டால் அந்தக் குதிரையைத் தனியே கட்டுங்கள். தண்ணீர் வாளி, பிரஷ், சேணம் எதையும் மற்றக் குதிரைகளோடு பகிராதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடைகளின் தொற்றுநோய்த் தடுப்புக்காக 2009-இல் வந்த சட்டப்படி இது கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். ரத்தம் எடுத்து ஹரியானாவின் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் சோதனைக்கு அனுப்புவார்கள். உறுதியானால் சிகிச்சை கிடையாது, குதிரையை வலியில்லாமல் போக்கிவிடுவார்கள். இந்தப் பயத்தில்தான் சிலர் மறைக்கிறார்கள். அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது, ஆனாலும் மறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தினமும் அந்தக் குதிரையின் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவது உங்கள் வீட்டுப் பிள்ளைதான். இன்னொன்றும் இருக்கிறது. இதே மாதிரி வரிசைக் கட்டி பூஞ்சையாலும் வேறு பாக்டீரியாவாலும் வரும், அவற்றில் குதிரை பிழைக்கும். எது என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும். மறைத்துவிட்டால் பிழைக்க வேண்டிய குதிரைக்கும் வைத்தியம் கிடைக்காது.

சந்தையிலோ தரகர் மூலமோ வாங்கும்போதே கிளாண்டர்ஸ் சோதனை செய்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதுக் குதிரையை மூன்று நான்கு வாரம் தனியே வைத்திருந்து, பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

தலையிலிருந்து வால் வரை

பயப்படும்படியான அடையாளம் எதுவும் இல்லையென்றால் சரி, இப்போது நிதானமாகப் பார்ப்போம். ஒரு புண்ணைக் கண்டதும் அதை மட்டும் உற்றுப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. முழுக் குதிரையையும் பார்க்க வேண்டும். வெயில் ஏறாத காலை வெளிச்சத்தில், பழகிய ஒருவர் தலைக்கயிறைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பக்கவாட்டில் நின்று, பின்னால் போகும்போது ஒரு கையை எப்போதும் அதன் உடம்பின் மேலேயே வைத்துக்கொண்டு நகருங்கள். உள்ளங்கையை முடிக்கு எதிர்த்திசையில் மெதுவாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொருக்கும் கையில் தட்டுப்படும்.

எல்லாரும் விட்டுவிடும் இடங்கள் இவை: காதுக்குள், பிடரி மயிருக்கு அடியில், தாடைக்கு நடுவே, முன்னங்கால் இடுக்கில், வயிற்றின் நடுக்கோட்டில், குறியின் உறை அல்லது மடி, தொடையின் உட்புறம், வாலைத் தூக்கினால் தெரியும் அடிப்பகுதி, குளம்புக்குச் சற்று மேலே பின்பக்க மடிப்பு. கண்ணின் உள் ஓரத்தையும் உதட்டு மூலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் குதிரையின் உருவத்தைச் சும்மா கோடாக, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு படமாக வரைந்துகொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. எங்கெங்கே என்ன இருக்கிறதோ அங்கே புள்ளி வையுங்கள். பிறகு போனில் ஒவ்வொன்றையும் இரண்டு படம் எடுங்கள், ஒன்று தள்ளி நின்று, இன்னொன்று கிட்டே போய்ப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு. நாணயம் இல்லாத படத்தில் அளவு தெரியாது. ஒரு வாரம் கழித்து இது வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்ற கேள்விக்கு நினைவை நம்பினால் ஏமாந்துபோவோம்.

காய்ச்சலும் பாருங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி வீட்டில் இருக்கட்டும். ஆரோக்கியமான பெரிய குதிரைக்கு 99-லிருந்து 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். ஓய்வாக நிழலில் நிற்கும்போதே 102-க்கு மேல் காட்டினால் அது தோலோடு நிற்கும் விஷயமில்லை.

அப்புறம் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை: ஒன்றா, பலவா? ஒரே இரவில் வந்ததா, வாரக்கணக்கில் வளர்ந்ததா? குதிரை அதைத் தேய்க்கிறதா, அல்லது தொட்டால் துள்ளுகிறதா? மேலே முடி இருக்கிறதா? கட்டியைத் தோலோடு சேர்த்து நகர்த்த முடிகிறதா, அடியில் ஒட்டியிருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கிறதா? கடந்த ஒரு மாதத்தில் புதுத் தீவனம், புது ஊசி, புதுச் சேணம், புது இடம் ஏதாவது உண்டா? வீட்டில் வேறு விலங்குக்கோ மனிதருக்கோ தோலில் ஏதாவது இருக்கிறதா? இதற்குப் பதில் எழுதி முடித்தாலே பாதிக் காரணங்கள் தானாகக் கழிந்துவிடும்.

ஒரே இரவில் தடிப்பு தடிப்பாக வந்தால்

நேற்று மாலை ஒன்றுமில்லை, இன்று காலை கழுத்திலும் விலாவிலும் நாணயம் நாணயமாக மெத்தென்ற தடிப்பு, முடி அப்படியே இருக்கிறது, அழுத்தினால் பள்ளம் விழுகிறது என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. பூச்சிக்கடி, புதுத் தீவனம், மருந்து எதுவும் காரணமாக இருக்கலாம். பல நேரம் ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். மூக்கோ முகமோ வீங்கி மூச்சு விடத் திணறினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

தடிப்போடு வயிற்றுக்கு அடியிலும் கால்களிலும் நீர் கோத்த வீக்கம், விட்டு விட்டுக் காய்ச்சல், ஈறு வெளுத்துப்போவது, நன்றாகத் தின்றும் இளைப்பது இவை சேர்ந்தால் சர்ரா என்ற நோயை நினைக்க வேண்டும். கடித்தால் ரத்தம் சொட்டும் பெரிய ஈக்கள் பரப்புகிற ரத்த ஒட்டுண்ணி இது, மழைக்காலத்திலும் அதற்குப் பிறகும் அதிகம். காய்ச்சல் இருக்கும் நேரத்தில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி கிடைக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் காய்ச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்து வைக்கச் சொல்கிறேன்.

பிடரியையும் வாலடியையும் சுவரில் தேய்த்துத் தேய்த்து ரணமாக்கிக்கொண்டால் அது வேறு. கொசுவைவிடச் சின்னதான, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கடிபூச்சி விடியலிலும் அந்தியிலும் கடிப்பதால் வரும் ஒவ்வாமை. வயல் ஓரம், வாய்க்கால் ஓரம் லாயம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தப் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கும் வலு கிடையாது. மாலை ஐந்து மணிக்கே குதிரையை உள்ளே கட்டி ஒரு மின்விசிறியை ஓடவிடுவது பல களிம்புகளைவிட உதவும்.

பொருக்கும் வட்டமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து நனைந்து முதுகிலும் பின்புறத்திலும் பொருக்கு கட்டும். ஒன்றைப் பிடித்தால் முடிக்கற்றையோடு பெயிண்ட் பிரஷ் மாதிரி கழன்று வரும், அடியில் ஈரமாக மஞ்சள் சீழ் இருக்கும், குதிரைக்கு அரிக்காது, ஆனால் வலிக்கும். இது டெர்மட்டோஃபிலஸ் என்ற பாக்டீரியா. காயவைப்பதுதான் முக்கிய மருந்து. காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள், மருத்துவர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்து இளக்கி எடுங்கள், துடைத்துக் காயவையுங்கள். தானாக விழுந்த ஒரு பொருக்கை ஒரு காகித உறையில் போட்டு வைத்தால் ஆய்வகத்துக்கு அதுவே போதும். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துவிடும்.

வட்ட வட்டமாக முடி உடைந்து, சாம்பல் நிறச் செதிலோடு, பெரும்பாலும் வயிற்றுவார் படும் இடத்திலும் சேணம் படும் இடத்திலும் பரவினால் அது படை, அதாவது பூஞ்சை. நம் தோலுக்கும் ஒட்டும். வட்டத்தின் ஓரத்தில் நான்கைந்து முடியை வேரோடு பிடுங்கிக் கொடுத்தால் சோதித்துவிடலாம். ஒட்டிய நாளிலிருந்து வெளியே தெரிய ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஆகவே இன்று ஒரு குதிரையில் கண்டால் அதே பிரஷ்ஷும் அதே சேணத் துணியும் பட்ட மற்றக் குதிரைகளையும் இப்போதே பாருங்கள். குதிரை வண்டிப் பந்தயக் காலத்தில் ஒருவர் சாமானை இன்னொருவர் வாங்கிப் போடுவது சகஜம், படை ஊர் ஊராகப் போவது அப்படித்தான்.

பொருக்கு காலின் பின்மடிப்பில் மட்டும் இருந்தால் சேற்றில், ஈரத் தரையில் நிற்பதைச் சந்தேகியுங்கள். வெள்ளை முடி இருக்கும் இடம் மட்டும் வெந்து உரிந்து, கருப்புத் தோல் சுத்தமாக இருந்தால் அது வெயிலோடு சம்பந்தப்பட்டது. தின்ற செடியாலோ ஈரல் கோளாறாலோ தோல் வெயில் தாங்காமல் போயிருக்கலாம். நிழலில் கட்டிவிட்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

ஆறாத புண்

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். காலிலோ கண் ஓரத்திலோ ஒரு காயம், பத்து நாளில் மூட வேண்டியது மூன்று வாரமாகியும் சிவந்த சதையாக மேலே எழும்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். உண்மையில் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு.

முழங்காலுக்குக் கீழே தோல் இறுக்கமாக இருப்பதால், காயம் மூடுவதற்கு முன் சதை மட்டும் வேகமாக வளர்ந்துவிடுவது ஒன்று. இளஞ்சிவப்பாக, மேடு பள்ளமாக, அரிப்பு இல்லாமல் இருக்கும். தொட்டால் எளிதில் ரத்தம் கசியும்.

இரண்டாவது என் குதிரைக்கு வந்தது, வெயில் காலப் புண். குதிரையின் வயிற்றுக்குள் ஹாப்ரோனீமா என்ற புழு வாழ்கிறது. அதன் குஞ்சுகள் சாணத்தோடு வெளியே வரும். சாணத்தில் வளரும் ஈப்புழு அவற்றைத் தின்னும், அது ஈயாகிப் பறக்கும்போது உள்ளே இந்தக் குஞ்சுகளும் இருக்கும். அந்த ஈ குதிரையின் உதட்டில் உட்கார்ந்தால் குஞ்சு விழுங்கப்பட்டு மறுபடி வயிற்றுக்குப் போய்விடும், வட்டம் முடிந்தது. ஆனால் ஈ ஒரு காயத்திலோ, கண்ணின் ஈரத்திலோ, குறியின் நுனியிலோ உட்கார்ந்தால் குஞ்சுகள் அங்கே இறங்கி, வளரவும் முடியாமல் வெளியேறவும் முடியாமல் கிடக்கும். குதிரையின் உடம்பு அதை எதிர்த்துக் கொதிப்பதுதான் அந்தப் புண். கடுமையாக அரிக்கும், குதிரை தன் காலைத் தானே கடிக்கும். சதைக்குள் அரிசி நொய் போல மஞ்சள் மணிகள் தெரியும். பங்குனியில் தொடங்கும், கத்திரி வெயிலில் உச்சத்துக்குப் போகும், மழை குளிர்ந்த பிறகு தணியும், அடுத்த வெயிலில் அதே இடத்தில் திரும்பும். இந்தக் காலக்கணக்கு ஒன்றே பெரிய தடயம்.

இதற்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை வாய்வழியாக, எடைக்குத் தக்க அளவில் மருத்துவர் கொடுப்பார், கொதிப்பு அடங்க வேறு மருந்தும் சேர்ப்பார், புண்ணை ஈ தொடாமல் மூடிக் கட்டுவார். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நீங்களாகக் குதிரைக்குப் போடாதீர்கள், ஊசி போட்ட இடத்தில் ஆபத்தான வீக்கம் வரக்கூடும். மருந்தைவிட எருக்குழிதான் முக்கியம். நம் பக்கத்தில் எருக்குழி லாயத்தை ஒட்டியே இருக்கும். சாணத்தைத் தினமும் அள்ளி, லாயத்துக்குத் தள்ளிக் கொட்டி, மேலே மண்ணோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். மதுரை வெயிலில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாவதற்குப் பத்து நாள் கூட ஆகாது. வாரம் ஒருமுறை அள்ளுவது போதாது.

மூன்றாவது, கண்மாயிலும் தேங்கிய நீரிலும் நின்ற குதிரைக்கு வரக்கூடியது. பித்தியம் என்ற நீர்வாழ் உயிரி காயத்தின் வழியே உள்ளே போகும். காலிலும் வயிற்றடியிலும் புண் நாளுக்கு நாள் கண் முன்னே பெருகும், நூல் நூலாக வடியும், தாங்க முடியாமல் அரிக்கும், பிதுக்கினால் பவளத் துண்டு போலக் கெட்டியான மஞ்சள் துகள் வெளியே வரும். வெயில் காலப் புண்ணின் மணிகளைவிட இவை பெரியவை, கிளை கிளையாக இருக்கும். இதில் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. சின்னதாக இருக்கும்போதே அறுத்து எடுத்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு.

நான்காவது புற்று. இளஞ்சிவப்புத் தோல் இருக்கும் கண்ணிமையிலும் ஆண் குறியிலும் ஆறாத, நாற்றமடிக்கிற புண் அப்படி இருக்கலாம்.

இந்த நான்கையும் கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகப் பிரிக்க அனுபவமுள்ள மருத்துவருக்கும் சிரமம். ஒரு சின்னத் துண்டுச் சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் மூன்று வாரம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூடாத புண்ணுக்கு இன்னொரு களிம்பு வேண்டாம், ஆய்வுதான் வேண்டும்.

புண்ணில் துளை விழுந்து, கெட்ட வாடை வந்து, உள்ளே ஏதோ நெளிந்தால் புழு வைத்துவிட்டது. அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், புழுவை எடுத்துச் சுத்தம் செய்வார்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்துப் பொடியை உள்ளே அடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது ரத்தத்தில் கலந்தால் குதிரை போய்விடும்.

சேணமும் வண்டிச் சாமானும்

கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில், முதுகெலும்பின் இரு பக்கமும், மார்பில், வயிற்றுவார் படும் இடத்தில் புண் இருந்தால் அநேகமாக அது நோய் அல்ல, அளவு தப்பிய சாமான். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருந்தால் இன்னும் நிச்சயம். அந்த இடங்களில் வெள்ளை முடித் திட்டு இருந்தால் பழைய புண் ஆறிய தடம், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பலர் செய்வது, கூட ஒரு சாக்குத் துணியை மடித்துத் திணிப்பது. அது செருப்பு கடிக்கிற காலில் இன்னொரு சாக்ஸ் போடுவது மாதிரி, அழுத்தம் கூடத்தான் செய்யும். புண் முழுக்க ஆறி முடி முளைக்கும் வரை சேணமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். பிறகு சாமானைத் திருத்துங்கள்.

சேணம் படும் இடத்திலேயே, முடி கெடாமல், அரிக்காமல், வலிக்காமல், பயறு போலவோ கோலிக்குண்டு போலவோ கெட்டியான உருண்டைகள் தெரிந்தால் அது அழுத்தப் புண் அல்ல. பூச்சிக்கடி போன்ற காரணங்களால் தோலுக்கடியில் எழும்பும் தீங்கில்லாத கட்டியாக இருக்கலாம். உரசாத இடமென்றால் விட்டுவிடக்கூட செய்வார்கள்.

கட்டிகள்

குட்டியின் மூக்கிலும் உதட்டிலும் சின்னச் சின்ன மரு கொத்தாக வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். பெரிய குதிரையில் மரு மாதிரி ஒன்று வந்தால் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. சார்காய்டு என்ற கட்டியாக இருக்கலாம். மாட்டுக்கு மரு உண்டாக்கும் வைரஸோடு தொடர்புள்ளது. முடியில்லாத திட்டாகவோ, மருவாகவோ, உருண்டையாகவோ, சதைப் புண்ணாகவோ பல வடிவத்தில் வரும். உள்ளுறுப்புகளுக்குப் பரவாது, ஆனால் சீண்டினால் வெறி பிடித்ததுபோல வளரும். மருவுக்குக் குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதையே குதிரைக்குச் செய்து, சுண்டைக்காய் அளவிலிருந்ததைத் தேங்காய் மூடி அளவுக்கு ஆக்கிவிட்டு அழுதவரை எனக்குத் தெரியும். கட்டாதீர்கள், கிள்ளாதீர்கள், சூடு வைக்காதீர்கள்.

வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்கள் தோல் நிறத்தைப் பாருங்கள். கருப்பாகவோ செவலையாகவோ பிறந்து, வயதாக ஆக வெளுத்து, தோல் மட்டும் கருப்பாக இருப்பது ஒரு வகை. இவற்றின் வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் உதட்டிலும் கருப்பாக, கெட்டியாக உருண்டைகள் வரும், மெலனோமா என்பார்கள். பதினைந்து வயதைத் தாண்டிய இந்த வகைக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது உண்டு. பல வருடம் மெதுவாக வளரும், ஆனாலும் சின்னதாக இருக்கும்போதே காட்டிவிடுங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாங்கும் நுக்ரா வேறு வகை, பிறப்பிலேயே வெள்ளை, தோல் இளஞ்சிவப்பு. அதற்கு இந்தக் கருப்புக் கட்டியைவிட வெயில் புண்ணும் அதிலிருந்து வரும் புற்றும்தான் கவலை. நுக்ராவை நண்பகலில் வெட்டவெளியில் கட்டவே கூடாது.

தாடைக்கு அடியில் சூடாக, வலியோடு, காய்ச்சலோடு வீங்கினால் தொண்டைக் கட்டு நோய், மற்றக் குதிரைகளுக்கு வேகமாகப் பரவும், தனியே கட்டுங்கள். கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் வந்தால் ஊசிக் கட்டி.

ஒரு விஷயம். சில வருடங்களுக்கு முன் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்து உடம்பெல்லாம் கட்டியானதை எல்லாரும் பார்த்தோம். அதனால் குதிரைக்குக் கட்டி வந்தாலும் அதுதான் என்று சொல்லிவிடுகிறார்கள். அது மாடு, எருமையின் நோய், குதிரைக்கு வருவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி வேறு காரணத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவர் வரும்வரை

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவுங்கள். சுற்றியுள்ள முடியை வெட்டிவிடுங்கள். சுத்தமான துணியால் ஈ படாமல் லேசாக மூடுங்கள், காலில் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று தேடி எடுத்து வையுங்கள், குதிரை அளவுக்கு டெட்டனஸுக்குப் பலியாகும் கால்நடை வேறில்லை. இவ்வளவு போதும். எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், ஃபினாயில் வேண்டாம். உண்ணி இருக்கிறது என்று மாட்டுக்கும் நாய்க்கும் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்குத் தெளிக்கவே தெளிக்காதீர்கள், குடல் இயக்கம் நின்று வயிற்றுவலியில் செத்துப்போகும். மருந்துக் கடையில் வாங்கும்போதே குதிரைக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கிராமத்து மருந்தகங்களில் குதிரை அபூர்வமாகத்தான் வரும், மருத்துவர் மாடுகளிலேயே நாள் முழுக்க நின்றிருப்பார். அதனால் உங்கள் நோட்டையும் நாணயம் வைத்த படங்களையும் முதலில் காட்டுங்கள், என்னென்ன பூசினீர்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். பிறகு, "டாக்டர், மாதிரி எடுத்து அனுப்பிப் பார்த்துரலாமா?" என்று நீங்களே கேளுங்கள். தோல் சுரண்டல், பிடுங்கிய முடி, சீழ், சதைத் துண்டு, ரத்தம் எது தேவை என்று அவர் முடிவு செய்வார். மாவட்டத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி போகும். அறுவை வேண்டிய அளவு என்றால் திருநெல்வேலி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி வாடகை கனமாகத்தான் இருக்கும். அந்த இரண்டு மாதம் பூசுவதற்கு வாங்கிய கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு அதைவிட அதிகமாக வந்தது.

செவலைக்கு இப்போது அந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை முடித் தழும்பு. பங்குனி பிறந்ததும் அந்தக் காலுக்கு மெல்லிய துணி சுற்றிவிடுகிறேன், சாணம் காலையும் மாலையும் அள்ளுகிறோம், ஞாயிற்றுக்கிழமை தோறும் நாணயத்தை வைத்து ஒரு படம். போன சித்திரையில் ஓரத்தில் லேசாகச் சிவந்தது. மூன்றாவது நாளே மருத்துவரிடம் படத்தோடு போனேன். வைகாசி முடிவதற்குள் அடங்கிவிட்டது.